மூணு வெட்டு

பத்தாங்கட்டைத் தோட்டத்து மேல்டிவிசனில் அந்தோனியம்மாவிடம் அடிவாங்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் பீச்சாங்கையால் அடிப்பாள். பிறவியிலேயே இடக்கைக்காரி. சோத்தாங்கையால் வாங்கினால் நாலு பேரிடம் சொல்லியாவது அழலாம், பீச்சாங்கையால் வாங்கியவன் எந்த முகத்தோடு வெளியே சொல்வான்? கொழுந்து நிறுவையில் கைவைத்த கணக்கப்பிள்ளை வாங்கியிருக்கிறான். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளின் பாலை எடுத்துக் குடித்தவள் வாங்கியிருக்கிறாள். கட்டிய புருசன் தேவதாசன் ஒருவன்தான் தப்பிவந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதன், வாயைத் திறந்தால்தானே வம்பு என்று இருந்துவிட்டான்.

அந்தக் கை பட்ட பாடும் கொஞ்சமல்ல. சின்ன வயதில் அவள் அப்பன் சூசை, "பொட்டப்புள்ள பீச்சாங்கையால சோறு அள்ளுனா குடும்பம் வெளங்குமா?" என்று அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டிப்போட்டான். அதற்கும் அடங்காததால் கொள்ளிக்கட்டையால் சுட்டான். மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. சோற்றுக்கு வலக்கை பழகிவிட்டது. ஆனால் கத்தியைத் தொடப்போனால் இடக்கைதான் முந்திக்கொண்டு போகும்.

கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிக் கிடக்கும் தேயிலைக் கிளைகளுக்குத் தோட்டத்தில் மிலாறு என்று பெயர். அதைப் பொறுக்கிக் கட்டுக்கட்டி, காயட்டும் என்று மலையிலேயே போட்டுவிட்டு வருவார்கள். எந்தக் கட்டு யாருடையது என்று தெரியவேண்டுமே? அதற்காகக் கட்டின் மேல் ஒரு பருத்த கட்டையை வைத்து அதில் வீட்டுக்கு ஒரு வெட்டுப் போடுவார்கள். ஒரு வீட்டுக்குச் சிலுவை, ஒரு வீட்டுக்குக் கோழிக்கால், சூசை வீட்டுக்குச் சாய்வாக மூணு வெட்டு. வெட்டுப்போட்ட கட்டு மாசக்கணக்கில் மழையில் கிடந்தாலும் ஒருத்தர் தொடமாட்டார்கள். தொட்டவன் பிடிபட்டால் கட்டுக்குச் சொந்தக்காரர் அவன் வீட்டுக்குப் போய், வரிசை வீடுகளான லயமே நின்று பார்க்க, தன் வெட்டை அவன் கதவு நிலையில் கத்தியால் போட்டுவிட்டு வருவார். அந்த வீட்டுக்குத் திருட்டு வீடு என்று பெயர் நிலைத்துவிடும். அந்தோனியம்மாவே ஒருமுறை ஒரு வீட்டு நிலையில் போட்டிருக்கிறாள்.

சூசையும் பெண்டாட்டியும் மண்சரிவில் செத்தபோது அந்தோனியம்மாவுக்குப் பதின்மூன்று வயது, தம்பி சவரிமுத்து இடுப்புப் பிள்ளை. ஒரு பக்கம் தம்பி, தலையில் விறகு, இப்படித்தான் அவனை வளர்த்தாள். அவன் படித்தான், தோட்டத்து வேலை தனக்குச் சரிவராது என்று பதுளை டவுனுக்குப் போனான், அக்காளின் காதுத் தோட்டை விற்று ஒரு மா அரைக்கும் மில்லில் பங்கு சேர்ந்து, பிறகு மில்லையே தன்னுடையதாக்கிக்கொண்டான். ஒரு நாள் ஒரு சுள்ளி பொறுக்கியவன் இல்லை. அப்பனின் வெட்டு அக்காளோடு இருந்துவிட்டது.

அவளுடைய கறித்தூள் வியாபாரம் தொடங்கியதும் அந்த மிலாறு எரிந்த அடுப்பில்தான். மொனராகலை பஸ்ஸில் வரும் காய்ந்த மிளகாயை, தோட்டத்துப் பேச்சில் கொச்சிக்காயை, மூட்டையாக வாங்குவாள். மல்லி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக இரும்புச் சட்டியில் வறுப்பாள். மிலாறு நெருப்பு சீறாது, நின்று எரியும், அதுதான் சூட்சுமம். கொச்சிக்காய் வறுபடும்போது பத்துக் காம்பராவும் தும்மும். "அடியே அந்தோனி, கொல்லப்போறியாடி!" என்று அடுத்த வீட்டிலிருந்து சத்தம் வரும். "தின்னும்போது மட்டும் இனிக்குதுல்ல?" என்று இவள் திருப்பிக் கத்துவாள். முதலில் லயத்துக்கு, பிறகு பதுளையில் காமிலாவின் பலசரக்குக் கடைக்கு. பையின் மேல் என்ன போடுவது என்று கடையில் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, கரித்துண்டை எடுத்து மூணு கோடு கீறினாள். மூணு வெட்டுத் தூள் என்று சனமே பெயர் வைத்துவிட்டது.

மகள் ரொஷானி டவுனில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலைக்குப் போன பிறகுதான் தூளுக்குக் கால் முளைத்தது. அந்த மூணு கோடுகளையும் படமெடுத்து, அழகாக லேபல் அடித்து, இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்து, அம்மா சட்டியோடு நிற்கும் படத்தையும் போட்டாள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தோட்டத்துப் பெண்கள், லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள் என்று ஓடர் வந்தது. பொதி தபாலில் போகும். செக்பொயின்டில் ஆமிக்காரன் பொதியைக் குத்திப் பார்த்துத் தும்முவான், அது வேறு கதை. லயத்துக் கூரைத் தகரம் மாறியது, தேவதாசனுக்கு நெஞ்சுச் சளிக்கு நல்ல மருந்து வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரொஷானி ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, இந்த மூணு வெட்டக் கொழும்புல பதியணும். பதியாட்டி வேற யாராவது அவங்க பேருல பதிஞ்சிருவாங்க."

"வெறகு வெட்ட எவன்டி திருடுவான்? திருடுனா நெலையில போட்டுட்டு வருவேன்."

"லயத்துல இல்லம்மா, ஒலகத்துல. ஒலகத்துக்கு ஏதும்மா நெலக்கதவு?"

எதிர்த்துப் பேசியதற்குக் கன்னத்தில் ஒன்று கிடைத்தது. அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி மழை. அந்தோனியம்மா பொதியோடு காமிலாவின் கடைக்குள் ஏறியபோது காமிலா வழக்கம்போல் "வாங்க" என்று சொல்லவில்லை. ஒரு பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கோவிக்க வேணாம். இது ஒங்கட தூளா? மூணு பேர் திருப்பிக் கொண்டந்து எறிஞ்சிட்டுப் போறாங்க. ஒரு புள்ளைக்கு வயித்தோட்டமாம்."

அதே லேபல். அதே மூணு வெட்டு. அந்தோனியம்மா பையைப் பல்லால் கிழித்தாள். நாக்கில் வைத்தாள், துப்பினாள். தவிடு, சாயம், நறநறவென்று செங்கல்.

"யாரு கொண்டாந்து போட்டது?"

காமிலா தயங்கினாள். "ஒங்கட தம்பிட மில்லு லொறிதான். நீங்கதான் அனுப்புறதா சொன்னாங்க."

மில் இருக்கும் சந்துக்கு அவள் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சவரிமுத்து வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாகக் கல்லாவில் இருந்தான். "வாக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பின் மேலேயே பீச்சாங்கை இறங்கியது. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். எழுந்திருக்க விடவில்லை. பக்கத்தில் கிடந்த தூள் அள்ளும் தகரச் சட்டியால் முதுகில், தோளில், தலையில் என்று போட்டாள்.

"செங்கலாடா விக்கிற? என் வெட்டப் போட்டுச் செங்கலாடா விக்கிற? புள்ளைங்க திங்கிற சாமானுடா, பாவி!"

மில் பையன்கள் நாலு பேர் வந்து பிடிக்க வேண்டியதாயிற்று. ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான், இன்னொருவன் வயிற்றில் முழங்காலை வைத்தான். சவரிமுத்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஒன் வெட்டா? யாரு சொன்னா? எங்கப்பன் வெட்டு. நான் ஆம்பளப் புள்ள. கொழும்புல எழுதிப் போட்டாச்சு, அரசாங்க கெசட்லயும் வந்தாச்சு. இனி அந்த வெட்ட நீ போட்டாத்தான் கேஸு. ஒன் மகளோட இன்டர்நெட் பக்கத்துக்கும் அறிவிச்சிட்டேன், போய்ப் பாரு."

"நான் ஒன்னைய இடுப்புல வச்சு..."

"இடுப்புல வச்ச, சரி. அதுக்காக ஒரு நல்ல பேர லயத்துக்குள்ள வச்சு மொடமாக்குவியா? நான் பதியலன்னா வேறொருத்தன் பதிஞ்சிருப்பான். தூக்கி வெளிய போடுங்கடா இவள!"

சந்துச் சேற்றில் போட்டார்கள். டவுன் சனம் நின்று பார்த்தது. அவளுக்கு வயிறு வலிக்கவில்லை. தான் தோட்டை விற்று வாங்கிக்கொடுத்த மில்லின் சத்தம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ரொஷானி வேலையைப் பாதியில் விட்டு வந்து அழுதுகொண்டிருக்கிறாள். இன்டர்நெட் பக்கத்தை அதை நடத்தும் கம்பெனிக்காரர்கள் மூடிவிட்டார்கள். வேறொருவரின் அடையாளத்தைப் போட்டு விற்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது, விசாரிக்கும்வரை திறக்கமாட்டோம் என்று பதில். கட்டிவைத்த பொதிகள் காம்பரா நிறையக் கிடந்தன.

அடுத்த நாள் ரொஷானி அம்மாவைப் பதுளையில் இரகுநாதன் என்ற வக்கீலிடம் கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமையாகப் பேசுவார்.

"அம்மா, அவர் விண்ணப்பம்தான் போட்டிருக்கிறார், இன்னும் அவருக்குக் கிடைக்கேல்லை. கெசட்டில வந்ததிலயிருந்து மூண்டு மாதத்துக்குள்ள ஆரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அது முடிஞ்சா பிறகு தலைகீழாய் நிண்டாலும் கஷ்டம். ஆர் முதல் அந்தச் சின்னத்தைச் சாமானில போட்டு வித்தது எண்டுதான் அங்க பார்ப்பினம். பழைய பைகள், தபால் ரசீதுகள், கடைக்காரரின்ர சாட்சி எல்லாத்தையும் சேருங்கோ. நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி தரவேணும்."

"கொழும்புக்காரனுக்கு எங்க வெட்டப் பத்தி என்னா சார் தெரியும்? எங்க லயத்து வழக்க லயத்துலதான் தீக்கணும். தலைவர் இருக்காரு, சனம் இருக்கு. அவங்க முன்னால அவன் நெலையில போடுறேன் பாருங்க."

"அதை ஒருத்தரும் அங்க கணக்கெடுக்க மாட்டினம் அம்மா."

"நான் எடுப்பேன்" என்று எழுந்துவிட்டாள். ரொஷானி பஸ் முழுக்கச் சண்டை பிடித்தாள். "நாள் ஓடுதும்மா! மாமாவுக்கு அதான் வேணும். நீங்க லயத்துல பேசிக்கிட்டே இருங்க, அங்க கதவு சாத்திரும்!" கேட்கிற காதா அது?

தோட்டத்துத் தலைவர் வீரய்யா கூட்டத்தை இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று இழுத்தார். அதற்குள் ஒரு வெயில் நாளில், அவள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, மில் பையன்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். இருமிக்கொண்டு படுத்திருந்த தேவதாசனை வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு இழுத்து வந்து உதைத்தார்கள். வறுக்கும் சட்டியைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். பொதிகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கொச்சித்தூள் பற்றினால் சும்மாவா இருக்கும்? புகை லயத்தையே மூடியது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் நீலம் பாரித்துக் கத்தின, கொளுத்தியவன்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். மலையிலிருந்து புகையைக் கண்டு கூடையை வீசிவிட்டு ஓடிவந்த அந்தோனியம்மா, கண் திறக்க முடியாமல் தவழ்ந்துகொண்டிருந்த புருசனைத்தான் முதலில் கண்டாள்.

அதற்குப் பிறகுதான் வீரய்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூட்டம். சவரிமுத்துவும் வந்தான், டவுன் ஆள்கள் இரண்டு பேரோடு. கொளுத்தியது தனக்குத் தெரியாது, பையன்கள் குடித்துவிட்டுச் செய்தது என்று கையை விரித்தான். சட்டிக்கும் பொதிக்கும் ஈடு கொடுப்பதாகச் சொன்னான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

"தலைவரே, நான் ஒண்ணுதான் கேக்குறேன். இந்தத் தோட்டத்துல அப்பன் வெட்டு யாருக்குச் சேரும்? மகனுக்கா, கட்டிக்குடுத்த மகளுக்கா?"

பதில் எல்லோருக்கும் தெரியும். வெட்டு ஆண்பிள்ளைக்கு. பெண் கட்டிப்போனால் புருசன் வீட்டு வெட்டைத்தான் போடவேண்டும். தேவதாசன் வீட்டுக்கு ஒரு கோழிக்கால் இருந்தது, அதை அவள் ஒரு நாளும் போட்டதில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை, பீச்சாங்கைக்குப் பயந்து.

வீரய்யா எழுந்து நின்றார். "தங்கச்சி, மனசு கேக்கல. ஆனா மொறன்னு ஒண்ணு இருக்கே. வெட்டு சவரிமுத்துக்குத்தான் சேரும்."

"அப்படின்னா இத்தன வருசமா அதப் போட்டு வித்தவ யாரு?" சவரிமுத்து விடவில்லை. "அடுத்தவன் வெட்டப் போட்டவங்களுக்கு நம்ம மொற என்னா? அதையும் சொல்லுங்க. நீ சத்தியம் பண்ணிட்டுத்தானக்கா வந்த, சனம் சொன்னா கட்டுப்படுறேன்னு?"

அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணியிருந்தாள். தன் வாயால், கூட்டம் தொடங்கும்போது, அவன் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்து. சொந்தக் கையாலேயே கண்ணியை வைத்துக் காலையும் விட்டுக்கொண்டது போலாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. நாற்பது வருசமாக யார் முன்னாலும் வராத அழுகை. ரொஷானி "வேணாம்மா, வாங்க போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தோனியம்மா உதறினாள்.

"சத்தியம்னா சத்தியந்தான். வாடா. வந்து போடு."

சனம் முழுக்க மடுவத்திலிருந்து லயத்துக்கு நடந்தது. பட்டப்பகல், மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. எரிந்த பொதிகளின் கரி இன்னும் வாசலில் கிடந்தது. சவரிமுத்துவிடம் கத்தி இல்லை, டவுன்காரனிடம் ஏது? சுவரில் தொங்கிய தேவதாசனின் கவ்வாத்துக் கத்தியை அவனே எட்டி எடுத்தான். தேவதாசன் தடுக்க எழுந்து, இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்தோனியம்மா நிலைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். தன் வீட்டு நிலை. தன் கல்யாணத்தன்று மஞ்சள் பூசிய நிலை. சவரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு ஓங்கினான். ஒன்று. மரச்சில்லு அவள் காலில் விழுந்தது. இரண்டு. பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள். மூன்று.

அவள் நிமிர்ந்தாள். நிலையைப் பார்த்தாள். ஒரு கணம் என்னவோ சரியில்லாததுபோல் இருந்தது. மறுபடி பார்த்தாள். கையை நீட்டி, அந்த மூன்று வெட்டையும் விரலால் தடவினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், லயமே திடுக்கிட்டுவிட்டது.

"என்னா சிரிப்பு? பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றான் சவரிமுத்து.

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய் எரியாமல் தப்பிய ஒரு பையை எடுத்து வந்து, நிலையில் அவன் போட்ட வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

"எல்லாரும் வந்து பாருங்க. நல்லாப் பாருங்க. இவன் வெட்டு எந்தப் பக்கம் சாயுது? வலது பக்கம். பையில இருக்கிற வெட்டு எந்தப் பக்கம் சாயுது?"

இடது பக்கம். மழைச்சாரல் எதிரெதிராக அடித்ததுபோல ஒன்றை ஒன்று பார்த்து நின்றன இரண்டும். அவள் அதோடு விடவில்லை. இஸ்தோப்பில் அடுக்கியிருந்த விறகை உருட்டித் தள்ளினாள். கட்டை கட்டையாக எடுத்துச் சனத்தின் காலடியில் போட்டாள். திருப்பிப் போட்டாலும் புரட்டிப் போட்டாலும் எல்லா வெட்டும் இடது பக்கமே சாய்ந்தது.

"சோத்தாங்கைக்காரன் ஓங்கிப் போட்டா வலப்பக்கந்தான் சாயும். எங்கப்பன் சோத்தாங்கைக்காரன். பீச்சாங்கையின்னு என் கையச் சுட்டவன், அவன் கை எதுன்னு எனக்குத் தெரியாதா? தலைவரே, நீங்க எங்கப்பனோட மலைக்குப் போனவருதானே? சொல்லுங்க, சூச வெட்டு எந்தப் பக்கம் சாஞ்சது?"

வீரய்யா நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கந்தான்" என்றார். நிலையில் சவரிமுத்து போட்டதைக் காட்டினார். "வலப்பக்கந்தான் தாயி. இப்பத்தான் ஞாபகம் வருது."

"அப்பன் வெட்ட அவன் வச்சுக்கட்டும். தாராளமா. வலப்பக்கம் சாச்சுப் போட்டு, செங்கல விக்கட்டும், சாணிய விக்கட்டும். ஆனா கொழும்புல அவன் எழுதிக்குடுத்தது இடப்பக்கம் சாயுற வெட்டு. அது அப்பனது இல்ல. அது இந்தக் கையோடது. சுட்ட கையோடது!"

சனத்துக்குள் சலசலப்பு எழுந்தது. யாரோ ஒரு கிழவர் "அடத் திருட்டுப் பயலே" என்றார். பெண்கள் சத்தமாகவே சிரித்தார்கள். அவன் கூட்டிவந்த டவுன் ஆள்களில் ஒருவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சவரிமுத்துவின் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

"பீச்சாங்கை முண்ட" என்றான். "இந்தக் கை இருந்தாத்தானேடி?"

ஓங்கினான். அவள் முகத்துக்கு முன்னால் இடக்கையைக் குறுக்கே கொடுத்தாள். கவ்வாத்துக் கத்தி வைரம் பாய்ந்த தேயிலை மரத்தையே ஒரே வீச்சில் அறுப்பது. உள்ளங்கையின் குறுக்கே, விரல் அடிகளோடு சேர்த்து இறங்கியது. ரத்தம் நிலையில் பீச்சி அடித்தது, ரொஷானியின் முகத்தில் தெறித்தது. அந்தோனியம்மா வெட்டுப்பட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். இரண்டாம் முறை அவன் ஓங்குவதற்குள், இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த தேவதாசன் எழுந்தான். முப்பது வருசமாக ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதன், காலடியில் கிடந்த டர்பன்டைன் மர விறகுக் கட்டையை இரண்டு கையாலும் எடுத்து மச்சானின் முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. கத்தி விழுந்தது. அப்புறம் லயம் விடவில்லை. எந்தக் கட்டை யாருடையது என்று பார்க்காமல் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தார்கள். வீரய்யா குறுக்கே விழுந்து கத்தியிருக்காவிட்டால் அன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும்.

பதுளை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நடு இரண்டு விரலுக்கும் நரம்பு அறுந்துபோயிற்று, இனி மடங்காது என்றார் டாக்டர். கொழுந்தெடுக்க முடியாது. சவரிமுத்து இன்னொரு வார்டில், கையில் மாவுக்கட்டோடு, பொலிஸ்காரன் காவலில் கிடந்தான்.

நாலாம் நாள் வீரய்யா தோடம்பழத்தோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டைக் கையில் முறுக்கினார்.

"ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கேன் தங்கச்சி. ஒன் தம்பி அழுவுறான். நீ பொலிஸ்ல குடுத்த முறப்பாட்ட வாபஸ் வாங்கிட்டா, அவன் கொழும்புல போட்டதத் திருப்பி எடுத்துக்கிறானாம். ஒனக்கு வெட்டக் குடுத்திர்றானாம். ரெண்டு பக்கமும் தீந்துரும்."

ரொஷானியின் முகம் மலர்ந்தது. "அம்மா, சரின்னு சொல்லுங்க. எதிர்ப்புப் போட இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. போட்டாலும் வருசக்கணக்கா இழுக்கலாம்னு வக்கீல் சொல்றாரு. இது இன்னைக்கே முடிஞ்சிரும்மா."

அந்தோனியம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னான்? குடுத்திர்றேன்னா சொன்னான்?"

"ஆமா."

"தலைவரே, அவன் குடுத்து நான் வாங்குனா, அது அவனோடதுன்னு ஆயிராதா? நாளைக்கு ஊரு என்னா சொல்லும்? தம்பி அக்காளுக்குப் பிச்ச போட்டான்னு சொல்லும். என் சாமான எனக்கு அவன் யாரு குடுக்க? வெட்டுக்கு ஒரு வழக்கு, கைக்கு ஒரு வழக்கு. ரெண்டையும் நடத்துவேன். போய்ச் சொல்லுங்க."

"கூடப் பொறந்தவன்மா..."

"அது எனக்குத் தெரியாதா? இடுப்புல வச்சுத் தூக்குனது நீங்களா, நானா?" கட்டுப்போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள். "இந்தக் கையாலதான தலைவரே தூக்குனேன்." வீரய்யா தோடம்பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகு அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள், ரொஷானியால் தேற்ற முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பினார்கள். மழையில் முச்சக்கரவண்டி பிடித்து இரகுநாதனின் கந்தோருக்குப் போனபோது, ரொஷானி சேர்த்துவைத்த பழைய பைகளும் தபால் ரசீதுகளும் மேசையில் அடுக்கியிருந்தன. காமிலா சாட்சிக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்களுக்காகவே காத்திருந்தாள். கையைக் கண்டதும் "அல்லாஹ்வே" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

வக்கீல் சத்தியக் கடதாசியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தூளில் முதன்முதல் அந்த அடையாளத்தைப் போட்டது நான், என் கையால் கீறினேன், இன்றுவரை இடைவிடாமல் அதைப் போட்டே விற்கிறேன் என்று இருந்தது. அந்தோனியம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"சரியெண்டால் இதில உங்கட ஒப்பம். கை ஏலாதெண்டால் பரவாயில்லை அம்மா, வலக்கைப் பெருவிரலை வையுங்கோ, காணும்."

"வலக்கைய எதுக்குங்க வைக்கணும்? அதுவா போட்டுச்சு?"

கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். ரொஷானி "அம்மா, தையல் விட்டுரும்" என்று கத்தினாள். காமிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணி ஒட்டியிருந்தது, அவள் பல்லைக் கடித்து இழுத்தாள். வீங்கிக் கறுத்த கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பேனாவைச் செருகி, வலக்கையால் மணிக்கட்டை, அந்தப் பழைய தழும்பு இருந்த இடத்தில், இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒன்று கீறினாள். இரண்டு. மூன்றாவது கோட்டுக்கு வரும்போது கை உதறி, பேனா பாதியில் வளைந்து ஓடிவிட்டது. தையல் ஓரத்தில் ரத்தம் துளிர்த்தது.

"மூணாவது கோணிருச்சேம்மா" என்று ரொஷானி அழுதாள்.

அந்தோனியம்மா கடதாசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு வக்கீலின் பக்கம் தள்ளினாள்.

"கோணட்டும். எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு."

இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.